ஆறு இருபது இருமல்

அக்டோபர் 3, வெள்ளி

கோயிலில் புத்தாண்டுக்குக் கொடுத்த, பக்கத்துக்கு ஒரு பைபிள் வசனம் போட்ட டைரி ஒன்பது மாதமாகப் பீரோவில் சும்மா கிடந்தது. இன்று அதற்கு வேலை வந்துவிட்டது. வேலை வாங்கிக் கொடுத்தது என் இருமல்.

ஆகஸ்ட் நடுவில் தொடங்கியது. சளி இல்லை, காய்ச்சல் இல்லை, வெறும் வறட்டு இருமல். மூன்று பாட்டில் சிரப் குடித்தாயிற்று. எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை. டாக்டர் நஸ்ரின் இன்று இரண்டு ஆட்களின் மேல் சந்தேகப்பட்டார். ஒன்று, ஜூலை கடைசியில் அவரே எழுதிக்கொடுத்த புது பி.பி. மாத்திரை. அது சிலருக்குத் தொண்டையைக் குறுகுறுக்க வைக்குமாம். இன்னொன்று புகை. மாத்திரை தொண்டையைத் தயாராக வைத்திருக்கும், புகை வந்து கிளப்பிவிடும்.

"மாத்திரையை இன்னைக்கே மாத்திரலாம். ஆனா உங்களுக்கு முன்னாடி ரெண்டு மாத்திரை ஒத்துக்கல. பத்து நாள் பொறுங்கம்மா. எப்ப இருமல் வருது, எங்க வருது, பக்கத்துல என்ன புகை, எல்லாத்தையும் ஒரு நோட்டுல எழுதிட்டு வாங்க. ஊறுகாய், அப்பளம், கருவாடு எதுவும் தொடக்கூடாது."

"அதெல்லாம் நான் தொடுறதே இல்ல டாக்டர்," என்றேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர் ஞானையாவும் தலையாட்டினார்.

முப்பத்திரண்டு வருடம் பாளையங்கோட்டை தபால் ஆபீஸ் கவுண்டரில் முத்திரை குத்தியவள் நான். தேதி, நேரம், இடம் இல்லாமல் என் கை எதையும் எழுதாது. எனவே டாக்டருக்கென்று ஒரு சின்ன நோட்டு வாங்கிவிட்டேன். டாக்டருக்குச் சொல்ல வேண்டியது அதில். மிச்சம் இதில்.

அக்டோபர் 4, சனி

இருமல் பதினேழு.

காலை 7.10: எதிர்வீட்டு ராஜாமணி சார் வேப்பஞ்சருகைக் குவித்துத் தீ வைத்தார். பதினோரு மணிக்கு வற்றல் மிளகாய் தாளித்தேன், அதில் நான்கு. ஐந்து மணிக்குக் கொசுவர்த்தி. மாலை 6.20-க்கு வீட்டுக்குப் பின்னால் இருக்கிற மாடிப்படியில் ஏறும்போது ஐந்து. காய்ந்த துணியை எடுக்கப் போயிருந்தேன். என்ன புகை என்ற இடத்தில் 'தெரியவில்லை' என்று எழுதினேன்.

மாடியில் அவர் செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். மொத்தம் பத்துத் தொட்டி. பத்துத் தொட்டிக்கும் முக்கால் மணி நேரம் தண்ணீர் விடுவார். பொறுப்பான மனுஷர்.

அக்டோபர் 6, திங்கள்

ராஜாமணி சாரிடம் போய் நோட்டைக் காட்டினேன். தேதி, நேரம், அவர் பெயர், என் இருமல் எண்ணிக்கை எல்லாம் வரிசையாக இருந்ததைப் பார்த்ததும் மனுஷருக்கு முகம் வெளிறிவிட்டது. ஹெட்மாஸ்டராக இருந்தவர், எழுத்தில் வந்தால் பயப்படுவார்.

"இனிமே குழி வெட்டிப் புதைச்சிருதேன் டீச்சர்," என்றார். நான் டீச்சர் இல்லை. திருத்தவில்லை.

தெருவில் இன்று ஒரு பொட்டுப் புகை இல்லை. 6.20-க்கு மட்டும் மாடிப்படியில் இருமல் தவறாமல் வந்தது.

அக்டோபர் 8, புதன்

கொசுவர்த்தியைத் தூக்கி எறிந்துவிட்டுக் கொசுவலை கட்டியாயிற்று. மிளகாயை வறுக்காமல் அப்படியே அரைத்தேன். இருமல் ஒன்பதாகக் குறைந்தது. அதில் ஆறு, 6.20-க்கு.

இவர் மாடியிலிருந்து இறங்கி வரும்போது ஏலக்காய் மென்றுகொண்டே வருகிறார். ஜீரணத்துக்கு நல்லதாம்.

அக்டோபர் 9, வியாழன்

நாசரேத்திலிருந்து தங்கை நார்த்தங்காய் ஊறுகாய் கொடுத்து அனுப்பியிருக்கிறாள். ஒரு பெரிய கண்ணாடி ஜாடி. எனக்கு ஆகாதே என்று மேல் தட்டில், அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்துவிட்டேன். வைப்பதற்கு முன் கெட்டுப்போயிருக்கிறதா என்று பார்க்க ஒரு துண்டு எடுத்தேன். கெடவில்லை.

அக்டோபர் 11, சனி

என் வீட்டுக்காரரின் காதைப் பற்றி எழுத வேண்டும். இருபத்தாறு வருடம் எங்கள் கோயில் பாடகர் குழுவுக்கு அவர்தான் மாஸ்டர். ஓய்வு பெற்ற பிறகும் காது ஓய்வு பெறவில்லை. குக்கர் விசில் எந்த ஸ்வரம், மிக்ஸி எந்த ஸ்வரம் என்று சொல்வார். நாற்பது பேர் பாடும்போது பின்வரிசையில் யார் வாயை மட்டும் அசைக்கிறார்கள் என்று கண்டுபிடிப்பார். நானும் அந்த இருபத்தாறு வருடமும் அவருக்குக் கீழே ஆல்ட்டோ என்கிற தாழ்ந்த பெண்குரல் பாடியவள்தான். வீட்டில் என் பேச்சுக்கு அவர் கட்டுப்படுவார், கோயிலில் அவர் கைக்கு நான் கட்டுப்படுவேன்.

இன்று சாப்பிடும்போது எனக்கு இருமல் வந்தது. இவர் தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"லா ஸ்வரத்துல ஆரம்பிக்குது எப்சி. அப்புறம் அதும்பாட்டுக்கு எங்கயோ போயி விழுது. தாளமே கிடையாது."

"மனுஷி சாகக் கிடக்கேன், தாளம் பாக்குதியளோ?"

"சும்மா சொன்னேன்," என்று தண்ணீர் எடுத்துக் கொடுத்தார்.

அக்டோபர் 13, திங்கள்

டாக்டர் நோட்டை விரலால் ஓட்டிக்கொண்டே வந்து நிறுத்தினார்.

"அம்மா, பத்து நாள்ல ஒன்பது நாள் சாயங்காலம் ஆறு இருபதுக்கு மாடிப்படியில இருமியிருக்கீங்க. ஆறு இருபதுக்கு மாடியில என்ன?"

"செடி," என்றேன்.

"செடி புகையாதே."

நான் இவரைப் பார்த்தேன். இவர் சுவரில் ஒட்டியிருந்த கர்ப்பிணிகளுக்கான உணவுப் பட்டியலை அவ்வளவு கவனமாகப் படித்துக்கொண்டிருந்தார். டாக்டரும் இவரைப் பார்த்தார், பிறகு மாத்திரையை மாற்றி எழுதினார். பழைய மாத்திரையின் வேலை உடம்பை விட்டுப் போக நான்கு வாரம் ஆகுமாம். சிலருக்கு அதற்கு மேலும் ஆகலாமாம். அதுவரை புகைப் பக்கமே போகக்கூடாது.

பி.பி. 150/90. உப்பு தொடுகிறேனா என்று கேட்டார். தொடுவதே இல்லை என்றேன்.

அக்டோபர் 14, செவ்வாய்

எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். எழுதிவிடுகிறேன்.

இவர் பேங்குக்குப் போன நேரத்தில் மாடி அறையைத் திறந்தேன். பழைய ஆர்மோனியம், பாட்டுத் தாள்கள், தாளம் தட்டிக் காட்டும் மெட்ரோனோம் எல்லாம் அங்கேதான். மெட்ரோனோம் ஒரு துண்டில் சுற்றி மூலையில் கிடந்தது. அதன் மரப்பெட்டியில் எட்டு சிகரெட், ஒரு தீப்பெட்டி, ஒரு பிடி ஏலக்காய்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஜூலையில் இவருக்கு நெஞ்சு வலி வந்தது. மதுரைக்குக் கொண்டுபோய் இரண்டு இடத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். உள்ளே கொண்டுபோகும்போது நர்ஸ் இவர் செருப்பைக் கழற்றி என் கையில் கொடுத்தாள். அதைப் பைக்குள் வைத்துக்கொண்டு ஆறு மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். இனி ஒரு சிகரெட்கூடக் கூடாது, மறுபடியும் அடைத்தால் இன்னொரு வாய்ப்பே இல்லை என்று அந்த டாக்டர் சொன்னார். இவர் வேதப்புத்தகத்தின் மேல் கை வைத்துச் சத்தியம் செய்தார்.

எனக்குக் கோபத்தைவிடப் பயம்தான் அதிகம். எழுத்து கோணலாகப் போகிறது.

நேரில் கேட்டுச் சண்டை போடலாம். நெஞ்சு வலிக்கு முன்னால் ஒரு தடவை அப்படித்தான் செய்தேன். பஸ் ஸ்டாண்ட் டீக்கடைக்குப் போய் ஒன்றுக்கு மூன்றாக இழுத்துவிட்டு வந்தார். மாடியிலாவது என் காதுக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறார். பெட்டியை இருந்தபடியே மூடி வைத்தேன்.

அக்டோபர் 16, வியாழன்

ஒரு விஷயம் கண்டுபிடித்தேன். 6.20-க்கு மாடிப்படியில் கால் வைத்ததும் எனக்கு இருமல் வந்தது. உடனே மேலே தரையில் எதையோ தேய்க்கிற சத்தம், பிறகு வாளித் தண்ணீரில் 'சொய்' என்று ஒரு சத்தம், பிறகு ஏலக்காய் கடிக்கிற சத்தம்.

நாளைக்கு 6.15-க்கே போய்ப் பார்க்க வேண்டும்.

அக்டோபர் 17, வெள்ளி

6.15-க்குப் போனேன். தீக்குச்சி உரசின சத்தம் கேட்டதும் இருமினேன். நல்லவேளை, இருமல் தானாகவே வந்தது. ஒரு இழுப்புகூட இழுத்திருக்க மாட்டார்.

"என்ன எப்சி, இன்னைக்கு சீக்கிரமே வந்துட்ட?"

"மழை வரும்போல இருக்கு, துணிய எடுக்க வந்தேன்."

கொடியில் ஒரு துணியும் இல்லை. இவரும் அதைப் பார்த்தார். இரண்டு பேரும் வானத்தைப் பார்த்தோம்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. ஊரே புகை. காலையிலிருந்து இருமி இருமி விலா எலும்பு நோகிறது. இவர் ஜன்னலையெல்லாம் அடைத்தார், கதவிடுக்கில் ஈரத்துணி சொருகினார், எனக்கு ஆவி பிடிக்க வெந்நீர் வைத்துக் கொடுத்தார். மாடிப்பக்கமே போகவில்லை.

"புகைதான் ஒனக்கு ஆகல, என்ன?" என்றார். என் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்துச் சொன்னார்.

"ஆமா. எந்தப் புகையும்," என்றேன்.

ராஜாமணி சார் பேரப்பிள்ளைகளுக்கு மத்தாப்பு மட்டும் கொடுத்து, அதையும் தெருக்கோடிக்குப் போய்க் கொளுத்தச் சொல்லிவிட்டார். நோட்டில் பெயர் ஏறிவிடும் என்ற பயம் இன்னும் போகவில்லை.

அக்டோபர் 29, புதன்

இருமல் நான்கு. புது மாத்திரை வேலை செய்கிறது. ஊறுகாய் ஜாடி பாதியாகத் தெரிகிறது. காற்றுப் பட்டு வற்றியிருக்கும்.

நவம்பர் 5, புதன்

காலையிலிருந்து இருமல் ஒன்றுகூட இல்லை. மிளகாய் தாளித்தேன், இல்லை. அடுப்புக்கு மேல் குனிந்து மூச்சை இழுத்துப் பார்த்தேன், இல்லை. எண்பது நாளாக என்னைப் படுத்திய சனியன் ஒரே நாளில் சொல்லாமல் போய்விட்டது. நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும்.

சாயங்காலம் இவர் ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டே மாடிப்படி ஏறினார். இருமல் போய்விட்டால் இவரை யார் தடுப்பது?

6.20-க்குப் படியில் நின்று இருமினேன். என் இருமலே. ஆனால் நான் வரவழைத்தது. மேலே வாளியில் 'சொய்' சத்தம் கேட்டது.

டாக்டர் நோட்டில் இன்றைய கணக்கு: பன்னிரண்டு. இந்த டைரியில் இன்றைய பக்கத்து வசனம் பொய் சொல்லாமையைப் பற்றியது. அதன் மேல் சீட்டு வைத்து மறைத்துவிட்டு எழுதுகிறேன்.

நவம்பர் 7, வெள்ளி

பொய்யாக இருமுவது லேசில்லை. தொண்டையைச் செருமினால் சளி மாதிரி இருக்கிறது. வயிற்றிலிருந்து எடுத்தால்தான் வறட்டு இருமல் மாதிரி வருகிறது. குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுப் பழகினேன். இரண்டு நெட்டு, ஒரு குட்டை, பிறகு ஒரு மூச்சு. மறுபடியும் இரண்டு நெட்டு, ஒரு குட்டை. மூச்சு எடுக்கவும் வசதி, களைப்பும் இல்லை. நல்ல அமைப்பாக வந்துவிட்டது.

மரப்பெட்டியில் ஏழு சிகரெட். நடுவில் வாங்கி நிரப்பியிருக்கிறார்.

நவம்பர் 9, ஞாயிறு

பெட்டியில் ஐந்து. வாளியில் சத்தம் கேட்கிறது, ஆனாலும் இவர் சட்டையில் புகை வாசம் வருகிறது. என் இருமலில் ஏதோ கோளாறு.

நவம்பர் 10, திங்கள்

பயங்கர மழை. மாடிப்படிக்குக் கூரை கிடையாது. இந்த மழையில் செடிக்கு யாராவது தண்ணீர் விடுவார்களா? இவர் விடப் போனார். குடையை அவரே எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

நான் அப்படியே போய் மூன்றாவது படியில் நின்று இருமினேன். மழைச் சத்தத்தில் கேட்டிருக்காது என்று தோன்றியது. இன்னும் நான்கு படி ஏறி மறுபடியும் இருமினேன். தலையிலிருந்து கால் வரை நனைந்து புடவை காலில் ஒட்டிக்கொண்டது. ஜலதோஷம் பிடித்தாலும் நல்லதுதான், வேலை சுலபமாகிவிடும்.

இவர் இறங்கி வந்து துண்டு எடுத்து என் தலையைத் துவட்டினார். ரொம்ப நேரம் துவட்டினார். வாயில் ஏலக்காய் வாசம் இல்லை.

நவம்பர் 12, புதன்

பெட்டியில் நான்கு.

என் இருமல் தெருவுக்கே கேட்கிறதாம். ராஜாமணி சார் வீட்டம்மா ஆடாதோடைக் கஷாயம் கொண்டு வந்தார். நாக்கை அறுத்துப் போட்டுவிடலாம் போல ஒரு கசப்பு. அவர் முன்னாலேயே ஒரு டம்ளர் குடிக்க வேண்டியிருந்தது. காலையும் மாலையும் ஒரு வாரத்துக்குக் கொண்டுவருவாராம். இவர் பக்கத்தில் நின்று, "முழுசா குடிச்சுரு எப்சி, அடியில தங்குறதுலதான் சத்து இருக்கு," என்றார்.

நவம்பர் 14, வெள்ளி

பெட்டியில் நான்கு. கஷாயம் இரண்டு டம்ளர்.

நவம்பர் 15, சனி

பெட்டியில் சிகரெட் இல்லை, தீப்பெட்டி இல்லை. மெட்ரோனோம் துடைத்துச் சுத்தமாக உள்ளே உட்கார்ந்திருக்கிறது. தீப்பெட்டி சமையலறையில் அடுப்புப் பக்கத்தில் இருந்தது.

மாடி அறையிலேயே முழங்கால் போட்டு ஜெபம் செய்தேன். இப்போது நான் இருமலை நிறுத்தலாம். ஆனால் நிறுத்தினால்? மறுபடியும் அந்தப் பெட்டியில் சிகரெட் ஏறிவிட்டால்? கிறிஸ்மஸ் வரைக்குமாவது இருமிவிடுவது என்று முடிவு செய்தேன்.

கொண்டாட்டத்துக்காக ஒரே ஒரு துண்டு நார்த்தங்காய்.

நவம்பர் 19, புதன்

கெட்டது காரியம். டாக்டர் நோட்டைப் பார்த்து நெற்றியைச் சுருக்கினார். மாத்திரை மாற்றி ஐந்து வாரமாகியும் தினம் பன்னிரண்டு, பதினான்கு என்று இருமல் எழுதியிருந்தால் யார்தான் சுருக்க மாட்டார்கள்?

"இதை இனிமே மாத்திரை மேல போட முடியாதும்மா. நெஞ்சுக்கு ஸ்கேன் எடுத்துருவோம். நுரையீரல் டாக்டர் ஒருத்தர்கிட்ட அனுப்புறேன். தேவைன்னா மூக்கு வழியா ஒரு குழாய் விட்டு உள்ள பாப்பாங்க."

"குழாயா?"

"மெல்லிசாத்தான் இருக்கும். இருபத்தேழாம் தேதி காலையில போங்க."

பி.பி. அதே 150. அந்த மாத்திரையின் அளவைக் கூட்டி எழுதினார். இவர் ஆட்டோவில் என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தார். நாற்பது வருடத்தில் ஆட்டோவில் கை பிடித்தது இதுதான் முதல் தடவை. இந்த மனுஷனைப் பயமுறுத்திவிட்டேனே என்று எனக்கு வெட்கமாக இருந்தது.

நவம்பர் 23, ஞாயிறு

ஆராதனையில் போதகர், சகோதரி எப்சிபாயின் நுரையீரலுக்காக எல்லோரும் ஜெபிப்போம் என்று அறிவித்துவிட்டார். முந்நூறு பேர் கண்ணை மூடினார்கள். நான் மட்டும் திறந்துகொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்த ஒரு பெண் விம்மினாள். எனக்குப் பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது. மரியாதைக்கு இரண்டு தடவை இருமினேன்.

பிறகு கிறிஸ்மஸ் பாட்டுப் பயிற்சி. புது மாஸ்டருக்குக் காய்ச்சல் என்பதால் இவரே வந்து கை அசைத்தார். ஆல்ட்டோ வரிசை இன்று அவ்வளவு நன்றாக வந்தது. ஒரு மணி நேரம் பாடி முடித்துத் தாளை மடக்கும்போதுதான் இருமவே மறந்துவிட்டேன் என்று உறைத்தது. நிமிர்ந்தால் இவர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். உடனே இருமினேன். இவர் சட்டென்று திரும்பி ஆர்கனைப் பார்த்தார். தோள் லேசாகக் குலுங்கியது. பாவம், அழுகிறார் என்று நினைத்தேன்.

நவம்பர் 26, புதன்

நாளைக்கு ஸ்கேன். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் சொல்லிவிடுவது என்று உட்கார்ந்தேன்.

"ஏங்க, ஒண்ணு சொல்லணும்."

"நாளைக்கு ஸ்கேன் கிடையாது. காலையிலேயே டாக்டரம்மாவுக்குப் போன் போட்டு வேண்டாம்னு சொல்லிட்டேன்."

"ஏன்?"

"இருமல் இல்லாதவளுக்கு எதுக்கு ஸ்கேன்?"

வாயில் இருந்த வெற்றிலை அப்படியே நின்றுவிட்டது.

"எப்பத் தெரியும்?"

"நவம்பர் அஞ்சாம் தேதி, புதன்கிழமை. சாயங்காலம் ஆறு இருபது."

"என் டைரியப் படிச்சியளா?"

"டைரி எதுக்கு? காது இருக்குல்லா. நெச இருமல் லா-ல ஆரம்பிச்சு கண்ட இடத்துல போயி விழும். இது ரெண்டு நெட்டு, ஒரு குட்டை, ஒரு மூச்சு. மறுபடியும் ரெண்டு நெட்டு, ஒரு குட்டை. ஏட்டி, இருபத்தாறு வருஷம் எங்கிட்ட ஆல்ட்டோ பாடினவ, பொய்யா இருமும்போதாவது தாளத்தை விட்டிருக்கலாம்லா?"

எனக்குச் சிரிப்பு வந்தது, அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது.

"அப்போ தெரிஞ்சுக்கிட்டேதான் இழுத்தியளா? அந்த வாளிச் சத்தம்?"

"எரிஞ்ச தீக்குச்சிய தண்ணியில போடுவேன். நீ கீழ இறங்கிருவ. நான் பைய இழுப்பேன்." கொஞ்சமும் வெட்கமில்லாமல் சொன்னார். பிறகு கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைக்க ஆரம்பித்தார். அது சுத்தமாகத்தான் இருந்தது.

"அப்புறம் ஏன் விட்டிய?"

"அன்னைக்கு மழை பெஞ்சதுல்லா. மாடி ரூம் ஜன்னல் வழியாப் பாத்தேன். படியில நிக்க. தலையில ஒரு துண்டுகூட இல்ல. தண்ணி ஊத்துது. நின்னுக்கிட்டு தாளம் தப்பாம இருமுத. எனக்குக் கேட்டுதா இல்லயான்னு அண்ணாந்து பாத்துட்டு, இன்னும் நாலு படி ஏறி மறுபடியும் இருமுத." கண்ணாடியை மறுபடியும் மாட்டிக்கொண்டார். "கையில இருந்ததை வாளியில போட்டேன் எப்சி. அதுக்குப் பொறவு எப்படிப் பத்த வைக்க?"

நான் அழுதுவிட்டேன். மறைக்க ஒன்றும் இல்லை. "ஒங்க செருப்பைப் பைக்குள்ள வச்சுக்கிட்டு மறுபடியும் அந்த பெஞ்சுல உக்கார என்னால முடியாதுங்க," என்றேன். இவர் என் தலையில் கை வைத்தார்.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் இன்னொன்று நினைவுக்கு வந்தது.

"அப்ப, நான் பொய்யா இருமுதேன்னு தெரிஞ்சும் ஒரு வாரம் ஆடாதோடைக் கஷாயம் குடிக்க விட்டுட்டு நின்னு பாத்தியளே?"

"அது தண்டனை," என்றார்.

"கோயில்ல அழுதியளே, அது?"

"அழுதேனா? சிரிப்பை அடக்க முடியாம ஆர்கன் பக்கம் திரும்பினேன்."

டிசம்பர் 4, வியாழன்

டாக்டரிடம் இரண்டு பேரும் மன்னிப்புக் கேட்கப் போனோம். டாக்டர் நஸ்ரின் கதை முழுவதும் கேட்டுவிட்டுச் சிரித்தார். பிறகு என் கையில் பட்டையைச் சுற்றி பி.பி. பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டார். 160/96.

"மாத்திரை அளவைக் கூட்டியும் ஏறுதே. இப்படியே போனா ஒரு நாள் கை கால் இழுத்துரும்மா. விளையாட்டு இல்ல. நெசமாவே உப்பு தொடுறதில்லையா?"

"தொடுறதே இல்ல டாக்டர்."

இவரைப் பார்த்தேன். இவர் கர்ப்பிணிகளுக்கான உணவுப் பட்டியலை மறுபடியும் மேலிருந்து படித்துக்கொண்டிருந்தார். இந்தத் தடவை முகத்தில் ரத்தமே இல்லை.

டிசம்பர் 9, செவ்வாய்

டாக்டருக்கு எழுதின அந்தச் சின்ன நோட்டைக் காணவில்லை. பழைய பேப்பரோடு போயிருக்கும். இனி அதற்கு வேலையும் இல்லை.

டிசம்பர் 13, சனி

மத்தியானம். இவர் ஹாலில் சாய்வு நாற்காலியில் கண்ணை மூடிக் கிடந்தார். மூச்சு சீராக வந்துகொண்டிருந்தது. நான் அரிசி எடுக்க ஸ்டூலைப் போட்டு மேல் தட்டுக்கு ஏறினேன். இரவு சாப்பாட்டுக்கு இன்னும் நேரம் இருக்கிறது என்பது உண்மைதான். பானையை ஓரமாகத் தள்ளி, பின்னால் கையை விட்டு, சத்தமில்லாமல் மூடியைத் திருகினேன். ஜாடியில் அடியில் நான்கு துண்டுதான் மிச்சம்.

ஹாலிலிருந்து ஒரு இருமல் வந்தது.

இரண்டு நெட்டு, ஒரு குட்டை. ஒரு மூச்சு. மறுபடியும் இரண்டு நெட்டு, ஒரு குட்டை. லா-வில் ஆரம்பித்தது. ஒரு பிசகு இல்லை.

கல்யாணமான நாள் முதல் இந்த மனுஷருக்கு இருமல் என்று ஒன்று வந்ததே கிடையாது. மூடியின் மேல் கை வைத்தபடி ஸ்டூலில் நின்றேன். அன்றைக்குப் படியில் மழையில் நின்றபோது எனக்கு இருந்த பயம் இப்போது இவருக்கு இருக்கும். அது எவ்வளவு பெரியது என்று எனக்குத் தெரியும். மூடியை இறுக்கி, ஜாடியோடு கீழே இறங்கினேன். குப்பைக்கூடையில் போட்டுவிட்டுக் கை கழுவினேன்.

ஹாலுக்குப் போனேன். இவர் கண்ணை மூடியே இருந்தார். மடியில் காணாமல்போன சின்ன நோட்டு திறந்து கிடந்தது. என் எழுத்து நவம்பரோடு நின்றிருந்தது. அதற்குக் கீழே கோடு போட்டு இவர் எழுத்து தொடங்கியிருந்தது. பேனா மை இன்னும் காயவில்லை.

'13.12. பிற்பகல் 3.10. இடம்: சமையலறை. காரணம்: நார்த்தங்காய். இருமல்: இரண்டு.'

முப்பத்திரண்டு வருடத்துப் பழக்கம். பேனாவை எடுத்து, பதிவு சரி என்று ஓரத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.